‘கம்’ கேட்டேன், ரப்பர் கொடுத்தார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் மொழிப் பக்கத்தில் வந்த சின்னக் குறிப்பைப் படித்ததிலிருந்தே பதில் எழுதக் கை துறுதுறுத்துக்கொண்டிருந்தது, இன்றுதான் ஒழிந்தது. இங்கிலீஷில் ஒட்டுகிற பொருள்களுக்கு க்ளூ, கம், பேஸ்ட், ரெசின், டார், பிட்ச் என்று வரிசையாகச் சொற்கள் இருக்கின்றன, நாமோ எதைக் கேட்டாலும் ‘பசை’ என்று சொல்லி ஒப்பேற்றிக்கொண்டிருக்கிறோம் என்று அதில் குறைபட்டிருந்தீர்கள். கீழே ஒரு பட்டியல் வேறு. இந்தப் பக்கம் இங்கிலீஷ், அந்தப் பக்கம் தமிழ், நடுவில் ஒரு கோடு. எனக்கு வழக்கு அந்தக் கோட்டோடுதான்.

நான் இருப்பது ரீகாவில், லாத்வியாவின் தலைநகரம். இங்கே என் வேலையில் பாதி, இங்கிலீஷில் வரும் பொருள் விளக்கத்தாள்களை லாத்விய மொழிக்கு மாற்றுகிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து சந்தேகம் தீர்ப்பது. தீர்க்கிறேன் என்று வெளியில் சொல்லிக்கொள்கிறேன், உள்ளே வாங்கிக்கட்டிக்கொள்வதுதான் அதிகம். அதிலும் ஒட்டுகிற, பிசுபிசுக்கிற, வழிகிற பொருள் எது வந்தாலும் அன்றைக்கு ஒரு பாடம் நிச்சயம். லாத்விய மொழியைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்கள் ஏறக்குறைய 15 லட்சம் பேர்தான், ஆனாலும் அவர்களிடம் இந்த விஷயத்தில் ஒரு தெளிவு இருக்கிறது, ஒரு குழப்பமும் இருக்கிறது, இரண்டுமே நம்மோடு ஒத்துப்போகிறது என்பதால்தான் இவ்வளவு நீளக் கடிதம்.

முதலில் என் கதை. வந்த புதிதில் ஒரு உறையை ஒட்ட வேண்டியிருந்தது. எழுதுபொருள் கடைக்குப் போனேன். நமக்குச் சின்ன வயதிலிருந்தே ‘கம் பாட்டில்’ தானே, அதனால் அகராதியைத் தட்டியதும் அதே சாயலில் கண்ணில் பட்ட ‘குமியா’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு தைரியமாகக் கேட்டுவிட்டேன். கடைக்கார அம்மா ஒரு அழிப்பான் எடுத்து வைத்தார். இல்லை இல்லை என்று தலையாட்டினேன், கொஞ்சம் பெரிய அழிப்பானாக எடுத்து வைத்தார். அப்புறம் நான் இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து அழுத்திப் பிரிக்க முடியாததுபோல் நடித்துக் காட்டிய பிறகுதான், ‘ஆ, லீமே!’ என்று சிரித்தபடி அலமாரிப் பக்கம் போனார். ‘குமியா’ என்றால் ரப்பர். மழைக்குப் போடும் பூட்ஸிலும் குமியாதான், அழிப்பானுக்குச் சரியான பெயர் ‘த்ஸேஷ்குமியா’, அழிக்கிற ரப்பர். இதில் அந்த அம்மாவைச் சொல்லிக் குற்றமில்லை, நாமும் அழிப்பானை ‘ரப்பர்’ என்றுதானே சொல்கிறோம்!

வேடிக்கை என்னவென்றால் இங்கிலீஷ் ‘கம்’மும் லாத்விய ‘குமியா’வும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். பழைய எகிப்தியச் சொல் கிரேக்கத்துக்கும் லத்தீனுக்கும் போய் ‘கும்மி’ ஆகி, இங்கிலீஷில் மரத்துப் பிசினாகவே நின்றுவிட்டது, ஜெர்மன் பக்கம் போனது ரப்பராகிவிட்டது, லாத்வியர்கள் இரண்டாவதை எடுத்துக்கொண்டார்கள். உச்சரிப்பு ஒன்றாக இருக்கிறதே என்று கோடு போட்டால் கடையில் என் கதிதான்.

சரி, அந்த அலமாரியைக் கொஞ்சம் நின்று பார்த்தேன். காகிதத்துக்கான குப்பி, மரத்துக்கான டப்பா, ஒரு சொட்டு விட்டால் விரலோடு விரல் ஒட்டிக்கொள்ளும் குட்டி டியூப் என்று எதை எடுத்தாலும் ‘லீமே’தான். காகித லீமே, மர லீமே, சூப்பர் லீமே. குச்சியாக வருவதற்குப் பெயர் ‘லீமெஸ் ஸீமுலிஸ்’, அதாவது பசைப் பென்சில். மஞ்சள் நிறத்தில் மேசையெங்கும் ஒட்டி வைக்கிறோமே, அந்தத் துண்டுச் சீட்டு ‘லீம்லப்பிஞா’, பசை வைத்த குட்டித் தாள். அந்தக் கடைசி ‘ஞா’வை எழுத லாத்வியத்தில் ‘ந’கர எழுத்துக்குக் கீழே ஒரு கொக்கி போடுகிறார்கள். அதைச் சொல்ல வெளிநாட்டுக்காரர்கள் திணறும்போது எனக்கு மட்டும் முதல் நாளே வந்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமைக்கு நன்றி.

ஆக இங்கிலீஷ்காரர் ‘க்ளூ’, ‘அட்ஹெசிவ்’, ‘சிமென்ட்’ என்று பிரிக்கிற இடங்களில் பெரும்பாலும் லாத்வியர் ஒரே ‘லீமே’ போட்டு முடிக்கிறார், நாம் ‘பசை’ போடுவதுபோல. மாவுக் கூழைக் காய்ச்சிச் சுவர்க் காகிதம் ஒட்டிய காலத்து ‘க்லீஸ்தெரிஸ்’ மட்டும் தனியாக நிற்கிறது. அதற்காக அந்த மொழிக்குப் பற்றாக்குறை என்று யாரும் இங்கே அழுததாகத் தெரியவில்லை. முன்னால் ஒரு சொல்லைச் சேர்த்தால் வேலை முடிந்தது.

ஆனால் ‘ஒட்டுகிறது’ என்ற வினையைத் தொட்டால் கதை வேறு மாதிரி. ‘லிப்த்’ என்றால் ஒட்டுதல். அதிலிருந்து ‘லிப்பீக்ஸ்’, பிசுபிசுப்பான. முதல் தடவை ஒரு மருத்துவக் குறிப்பில் ‘லிப்பீகா’ நோய் என்று படித்துவிட்டு, இதென்ன பிசுபிசுக்கிற வியாதி என்று விழித்தேன். பக்கத்திலிருந்தவர் விளக்க ஆரம்பித்த மறு நொடியே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒட்டுவாரொட்டி! நாம் சொல்வது அப்படியே. ஒருவரைத் தொட்டால் இன்னொருவருக்கு ஒட்டிக்கொள்வது. கோவிட் காலத்தில் புதிய வகைக் கிருமி முந்தையதைவிட வேகமாகப் பரவுகிறது என்பதை இங்கே ‘இன்னும் லிப்பீக்ஸ்’ என்றுதான் சொன்னார்கள். இங்கிலீஷில் இதற்கு ‘ஸ்டிக்கி’ போட முடியாது, அங்கே ‘கன்டேஜியஸ்’ என்று லத்தீன் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். மனதில் ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்கிற மெட்டும் லிப்பீகா மெட்டுதான். கோதுமை மாவைப் பிசைந்தால் இழுபடுகிறதே, அந்த க்ளூட்டனுக்கு ‘லிப்பெக்லிஸ்’ என்று பெயர், ஒட்டி என்று சொன்ன மாதிரி. உங்கள் பட்டியலின் ‘க்ளூ’வும் இந்த ‘க்ளூட்டன்’னும் லத்தீனில் ஒரே சொல்லிலிருந்து வந்தவை, ஆனால் இங்கிலீஷ் பேசுகிறவருக்கு அது காதில் விழுவதில்லை. லாத்வியருக்கும் நமக்கும் விழுகிறது. இதை எந்தக் கணக்கில் வைப்பது, வரவிலா பற்றிலா?

அடுத்து காடு. லாத்வியாவின் நிலப்பரப்பில் பாதிக்கு மேல் காடு. அதிலும் பைன் ஏராளம். அதனால் பைன் மரத்தில் கசிகிற, பைன் மரத்திலிருந்து எடுக்கிற ஒட்டும் பொருள்கள் என்று வந்துவிட்டால் அவர்கள் குழம்புவதே இல்லை. மரத்தில் காயம் பட்டால் கசிந்து வருவது ‘ஸ்வெக்யி’, இங்கிலீஷில் ரெசின். அது எப்போதும் பன்மை, ஒற்றை ரெசின் என்று பேச்சே கிடையாது. அதே பைனின் அடிக்கட்டைகளை அடுக்கி, மேலே மண்ணும் புல்கட்டியும் போட்டு மூடி, காற்று அதிகம் போகாமல் மெதுவாகக் கனியவிட்டால் அடியில் கறுப்பாகச் சொட்டும், அது ‘தர்வா’, டார். அந்த டாரை மேலும் காய்ச்சி வற்றவைத்தால் ஆறியதும் இறுகிக் கல்போல் ஆகும், சூட்டில் இளகும், அது ‘பிக்யிஸ்’, பிட்ச். பிர்ச் மரப் பட்டையிலிருந்து எடுக்கிற டாருக்குத் தனியாக ‘தெகுத்ஸ்’ என்று பெயர், ‘தெக்த்’ என்றால் எரிதல். பலகைக் கப்பல் கட்டுகிறவருக்கு இந்த வித்தியாசமெல்லாம் உயிர்நாடி. 17-ஆம் நூற்றாண்டில் கூர்லாந்து பிரபு யாக்கோபு வெண்ட்ஸ்பில்ஸ் துறைமுகத்தில் கப்பல் கட்டிக் கடலுக்கு அனுப்பிய நாடு இது, பலகை இடுக்கில் எதைத் திணிப்பது, மேலே எதைப் பூசுவது என்று தெரியாமல் முடியுமா?

இந்த ‘தர்வா’வில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது, நம்புங்கள். இங்கிலீஷ் ‘டார்’, லாத்விய ‘தர்வா’ இரண்டும் ‘மரம்’ என்று பொருள்படும் ஒரு பழைய வேரிலிருந்து வந்தவை. அதே வேர் சமஸ்கிருதத்தில் ‘தாரு’. நாம் தேவதாரு என்கிறோமே, அந்தத் தாரு. அப்புறம் பல நூற்றாண்டு கழித்து இங்கிலீஷ்காரனிடமிருந்து ‘டார்’ வாங்கி அதைத் ‘தார்’ ஆக்கினோம். வாசல் வழியாக ஒன்று, கொல்லை வழியாக ஒன்று என்று ஒரே குடும்பத்து ஆட்கள் இருவர் நம் வீட்டில் உட்கார்ந்துகொண்டு ஒருவரையொருவர் தெரியாததுபோல் இருக்கிறார்கள். (இன்று ரோட்டில் போடுவது பெட்ரோலியத்திலிருந்து வரும் பிடுமென், மரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, பெயர் மட்டும் நம்மிடம் தார். லாத்வியர்கள் அதைத் ‘தர்வா’ என்று சொல்வதில்லை, ‘பிதுமென்ஸ்’ என்றே சொல்கிறார்கள். அங்கே அவர்கள் கறார்.)

‘பிக்யிஸ்’ அப்படியில்லை, அது ஜெர்மன் வழி வந்த சொல். 1201-ல் ரீகா நகரம் உருவானதிலிருந்து பல நூற்றாண்டுகள் இங்கே பெரிய வியாபாரமும் பட்டறைத் தொழிலும் பெரும்பாலும் ஜெர்மன் பேசுகிறவர்கள் கையில் இருந்தன. அந்த வழியில்தான் ‘லீமே’ வந்தது, ‘க்லீஸ்தெரிஸ்’ வந்தது. காட்டில் தானாகக் கிடைத்த ஸ்வெக்யிக்கும் தேனுக்கும் சொந்தச் சொல், பட்டறையில் காய்ச்சியதற்கு வந்த சொல் என்று நான் கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன், எல்லா இடத்திலும் பொருந்தும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். வந்த சொல்லை அப்படியே விடுவதும் இல்லை, பின்னால் ஒரு வால் ஒட்டித்தான் உள்ளே விடுவார்கள். சிரப் ‘ஸீருப்ஸ்’ ஆகும், ஜாம் ‘ஜெம்ஸ்’ ஆகும். பஸ்ஸு, பேங்கு, கேஸு என்று பேச்சில் உகரம் ஒட்டுகிற நாம் இதற்குச் சிரிக்கக்கூடாது.

பிக்யிஸ் பற்றி இன்னொன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. கும்மிருட்டை ‘பிக்யிஸ் கறுப்பு’ என்பார்கள், இது இங்கிலீஷிலும் உண்டு. ஆனால் இளவட்டங்கள் பேச்சில் பிக்யிஸ் என்றால் பணம்! ‘பிக்யிஸ் இருக்கிறதா?’ என்று ஒருவர் என்னிடம் கேட்டபோது, முன்னமே இதைத் தெரிந்துவைத்திருந்ததால் பிழைத்தேன். பசையுள்ள பார்ட்டி, பசை இருக்கிற இடமாகப் பார்த்து ஒட்டிக்கொண்டான் என்று நாம் சொல்வதை அந்த நண்பரிடம் விளக்கினேன். ஐந்து நிமிடம் விடாமல் சிரித்தார். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, ஒருவருக்கொருவர் கேட்காமலே, பணம் என்றால் கையில் ஒட்டுகிற சமாச்சாரம் என்று இரண்டு மொழிக்கும் தோன்றியிருக்கிறது. உங்கள் பட்டியலில் ‘பிட்ச் – கீல்’ என்று போட்டிருந்தீர்கள், சரிதான், ஆனால் பட்டியலில் இதெல்லாம் எங்கே நிற்கும்?

தேனுக்கு வருகிறேன். ரீகாவின் மையச் சந்தை 1930-ல் திறந்தது, பழைய செப்பலின் ஆகாயக் கப்பல்களின் கொட்டகை இரும்புச் சட்டங்களை வைத்துக் கட்டிய ஐந்து பெரிய கூடங்கள். அங்கே ஒரு தேன் கடை முன்னால் நின்றால் ஜாடிகளில் ‘மெதுஸ், மெதுஸ், மெதுஸ்’ என்று எழுதியிருக்கும். மெதுஸ் என்றால் தேன். சமஸ்கிருத ‘மது’வும் இதுவும் ஒரே சொல்தான், தேன் என்பதுதான் பழைய பொருள். இங்கிலீஷில் அந்தச் சொல் ‘மீட்’ ஆகி, தேனைப் புளிக்கவைத்த பானத்துக்கு மட்டும் பெயராகிவிட்டது, தேனுக்கு ‘ஹனி’ என்று வேறு சொல் வந்து உட்கார்ந்தது. நம்மிடமும் அதே கதை. மது என்றால் இன்று யாருக்குத் தேன் நினைவு வருகிறது, மதுவிலக்குதான் நினைவு வரும்! லாத்வியர்கள் மட்டும் தேனைத் தேனாகவே வைத்துக்கொண்டார்கள். அந்தக் கடையில் ‘விர்ஷு மெதுஸ்’ என்று ஒன்று, ஹெதர் பூவின் தேன். கரண்டியைச் செருகினால் நிற்கும், ஜெல்லிபோல இறுகியிருக்கும். கடைக்காரர் நாலு சுற்றுக் கிண்டிக் காட்டினார், இளகி வழிய ஆரம்பித்தது. கிண்டுவதை நிறுத்திக் கொஞ்ச நேரம் விட்டால் பழையபடி இறுகிக்கொள்ளும். கெட்டியா நீர்மமா என்று கேட்டால் அதுவே சொல்லாது போலிருக்கிறது.

இலக்கணத்தில் ‘மெதுஸ்’ சேர்ந்திருக்கும் கூட்டம் ரொம்பச் சின்னது. ‘உஸ்’ என்று முடிகிற அந்த வகையில் தேன், பீர், சந்தை, மழை, பனிக்கட்டி என்று சில சொற்கள்தான். ரீகாவில் ஒரு சனிக்கிழமையை இந்த ஐந்து சொல்லை வைத்தே விவரித்துவிடலாம்.

தேன் பீப்பாயில் ஒரு சொட்டு ‘தர்வா’ என்று அவர்களிடம் வழக்கு உண்டு. நம் ஒரு குடம் பாலுக்கு ஒரு துளி விஷம். ஆனால் எனக்கு அவர்களுடையது பிடித்திருக்கிறது, ஏனென்றால் இரண்டுமே பிசுபிசுப்பு, பார்க்கக் கொஞ்சம் ஒன்றுபோலவே வழியும், கலந்த பிறகுதான் நாற்றம் தெரியும்.

‘ஜாம்’ விஷயத்தை ஒரு வரியில் முடிக்கிறேன். வீட்டில் பழம் பழமாகத் தெரியக் காய்ச்சியது ‘இயெவாரீயும்ஸ்’, மசிந்து கெட்டியாகக் கடையில் வருவது ‘ஜெம்ஸ்’. முன்னதை இன்னதென்று தெரியாமல் ஜெம்ஸ் என்று சொல்லிவிட்டால், காய்ச்சிய பாட்டி முகம் சுருங்கிவிடும்.

‘மீக்லா’வைத்தான் விட மனசில்லை. பிசைந்த மாவுக்கு லாத்வியத்தில் மீக்லா. விடுகதைக்கும் மீக்லா. எழுத்தும் ஒன்று, ஒலியும் ஒன்று. உங்கள் பத்திரிகையின் குறுக்கெழுத்துப் போட்டி இங்கே வெளியானால் தலைப்பு ‘க்ருஸ்த்வார்து மீக்லா’. இயந்திர மொழிபெயர்ப்பில் சமையல் குறிப்பு ஒன்றைப் போட்டுப் பார்த்தபோது, ‘விடுகதையை முப்பது நிமிடம் மூடி வைக்கவும்’ என்று வந்தது. அப்படியே வைத்திருந்தால் பொங்கியிருக்கும்.

என் பங்குக்கு நானும் ஒரு பெரிய தப்புச் செய்தேன். கட்டடப் பூச்சு பற்றிய தாளில் ‘லைம்’ என்று இருந்தது. ‘லீமே’ என்று கை பழக்கத்தில் போட்டுவிட்டேன். சுண்ணாம்புக்கு லாத்வியத்தில் ‘கல்க்யி’. அதாவது சுண்ணாம்புச் சாந்து பூச வேண்டிய சுவரில் கோந்து பூசச் சொல்லியிருக்கிறேன். நல்லவேளை, சரிபார்க்கிறவர் கண்ணில் பட்டது. ஆனால் முழுத் தப்பும் என்னுடையது இல்லை என்று சொல்லிக்கொள்ள ஒரு சாக்கு உண்டு: இங்கிலீஷ் ‘லைம்’முக்கும் பழைய பொருள் ஒட்டும் பொருள்தான், பறவை பிடிக்கக் கிளையில் தடவும் பிசினுக்கு அங்கே ‘பேர்ட்லைம்’ என்று இன்றும் பெயர் இருக்கிறது. செங்கல்லைச் செங்கல்லோடு ஒட்டுவதால் சுண்ணாம்புக்கு அந்தப் பெயர் போனது. சொல் ஒன்றாகக் கிளம்பி, ஒரு ஊரில் பசையாகவும் ஒரு ஊரில் சுண்ணாம்பாகவும் இறங்கியிருக்கிறது. எலுமிச்சைக் குடும்பத்து லைம் வேறு, மரத்து லைம் வேறு, அந்தப் பஞ்சாயத்து இங்கே வேண்டாம்.

மறந்துவிட்டேன், பால் பற்றியும் சொல்ல வேண்டும். செடியைக் கிள்ளினால் வெள்ளையாக வடிவதை நாம் பால் என்போம். இங்கேயும் அது ‘பியென்ஸுலா’, பால்சாறு. வசந்தத்தில் புல்வெளியெல்லாம் மஞ்சளாகப் பூக்கிற டான்டிலயனுக்கு ‘பியெனெனே’ என்றே பெயர், பாலிலிருந்து வந்த பெயர். தண்டை ஒடித்தால் விரலில் பால் ஒட்டும், கொஞ்ச நேரத்தில் பழுப்புக் கறையாகிவிடும், சோப்புக்கு அவ்வளவு லேசில் போகாது. இங்கிலீஷில் இது ‘லேடெக்ஸ்’. உங்கள் பட்டியலில் இந்தச் சொல்லே இல்லை, இருந்திருந்தால் அதற்கும் பசை என்று போட்டிருப்பீர்களோ என்று ஒரு பயம்.

இப்போது என் கோரிக்கை. அந்தப் பட்டியலில் ‘ரெசின் – கோந்து’ என்று ஒரு வரி இருக்கிறது. தயவுசெய்து அதைத் திருத்துங்கள். கோந்து என்பது இங்கிலீஷ் ‘கம்’, சர்க்கரைக் கூட்டத்தைச் சேர்ந்த பொருள், தண்ணீரில் கரையும் அல்லது ஊறி உப்பும். ரெசின் தண்ணீரை மதிக்காது, ஆல்கஹாலில்தான் கரையும். நம்மிடம் அதற்குக் குங்கிலியம் இருக்கிறது, பிசின் என்ற சொல்லோ இரண்டு பக்கமும் போய்வருகிறது. லாத்வியர்கள் இதில் நம்மைவிட ஒழுங்கு என்று நினைத்துத்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். ஆனால் சென்ற கோடையில் நண்பர் வீட்டுத் தோட்டத்தில் செர்ரி மரத்தில் தேன் நிறத்தில் ஒரு கட்டி வழிந்து நின்றது, இது என்ன என்று கேட்டேன், ‘ஸ்வெக்யி’ என்றார். வேலிக்கு அந்தப் பக்கம் பைன் மரத்தில் இருந்ததையும் கேட்டேன், அதுவும் ‘ஸ்வெக்யி’. இரண்டிலும் ஒவ்வொரு துண்டு பெயர்த்து, இரண்டு டம்ளர் தண்ணீரில் போட்டு ராத்திரி ஜன்னலோரம் வைத்தோம். காலையில் செர்ரி மரத்துத் துண்டு கண்ணாடிபோல் உப்பி, தொட்டால் வழுக்கிக்கொண்டு டம்ளரில் பாதியை அடைத்திருந்தது. பைன் துண்டு போட்டபடியே கிடந்தது, எடுத்துத் துடைத்து முகர்ந்தால் அதே வாசனை. நண்பர் இரண்டு டம்ளரையும் மாறி மாறிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து செர்ரி மரத்தில் இருப்பதைச் சொல்லும்போது ‘அந்த ஸ்வெக்யி’ என்று ஒரு ‘அந்த’ சேர்க்கிறார்.

இப்படிக்கு,
ரீகாவிலிருந்து ஒரு வாசகர்